நான் நீக்கிய சுரம்

ஐம்பத்து மூன்று வயதில் நான் இசை வகுப்பில் சேர்ந்தேன். உலு திராமில், கார் பேட்டரி விற்கும் கடைக்கு மேலே முதல் மாடியில் அந்த வகுப்பு. சனிக்கிழமை மதியம் மூன்று மணி என்னுடைய நேரம். எனக்கு முன்னால் வரும் மாணவிக்கு ஒன்பது வயது, எனக்குப் பின்னால் வருபவள் அவளைவிடச் சின்னவள். நடுவில் நான், தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக. முதல் நாள் ஒரு சீனத் தாய் என்னைப் பார்த்து, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களா என்று மலாயில் கேட்டார். இல்லை, நானேதான் படிக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே இரக்கமாகிவிட்டது.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிறேன். தட்டில் நூறு மூடி வந்தால், அதில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிற ஒன்றை என் கை தானாகவே எடுத்துச் சிவப்புக் கூடையில் போட்டுவிடும். அது ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்பது என் வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் புத்தி வீட்டுக்கும் என் கூடவே வந்துவிடுகிறது என்று என் மனைவி சொல்வாள். சோற்றில் ஒரு கல் கிடந்தால், மீதிச் சோறு எவ்வளவு நன்றாக இருந்தது என்பது எனக்கு நினைவிருக்காதாம். அவள் சொல்வது உண்மைதான்.

வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் என் தம்பி. என்னைவிடப் பதினோரு வயது இளையவன். நாங்கள் காஹாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மா முதலில் போனார், அப்புறம் அப்பா. அப்பா போனதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தம்பி ஒரு துணிப்பையும் ஒரு பழைய கீபோர்டுமாக உலு திராமில் என் வீட்டுக்கு வந்து நின்றான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, என் மகளுக்கு மூன்று. சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையை அவனுக்குக் கொடுத்தோம். அதில் இருபத்து மூன்று வருடம் இருந்தான்.

வாரநாள்களில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போவான். அங்கே ஒரு கிடங்கில் வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் ஒரு இசைக்குழுவில் கீபோர்டு. அவனுக்குப் பெண் பார்த்தோம். இரண்டு இடம் வந்தது, இரண்டும் கூடிவரவில்லை. பிறகு அவனும் கேட்கவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம். விட்டுவிட்டோம் என்று எழுதுவதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவன் யாரிடமும் முறையாகப் படித்தவன் இல்லை. எங்கள் ஊர் இசைக்குழுக்களில் பாதிப் பேர் அப்படித்தான். கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மொத்த வாத்தியமும் மேலே ஏறும், கீழே இறங்கும். பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ப அதை மாற்றிவைத்துக்கொண்டு, கை மட்டும் எப்போதும் ஒரே இடத்தில், வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடும். ஒருமுறை நான் அவனைச் சீண்டினேன்.

"ஏன்டா, அந்தக் கறுப்புக் கட்டையெல்லாம் சும்மா அழகுக்கா வெச்சிருக்காங்க?"

"அதெல்லாம் படிச்சவங்களுக்குண்ணே. நமக்குத்தான் பட்டன் இருக்கே" என்று சிரித்தான்.

அந்த ஒரு பேச்சை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். தம்பி கறுப்புக் கட்டையைத் தொடமாட்டான் என்பது எனக்கு வேதவாக்காகிவிட்டது. இருபத்து மூன்று வருடத்தில் அவன் வாசிக்கும்போது நான் ஒருநாளும் அவன் கையைப் பார்த்ததில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை குளுவாங்காரர். இங்கே எங்கள் கல்யாணங்களில், காலையில் கோயிலில் தாலி கட்டி முடித்து, மாலையில் மண்டபத்தில் டின்னர் வைப்போம். விளக்கையெல்லாம் குறைத்துவிட்டு, மணமக்கள் வாசலிலிருந்து மேடை வரைக்கும் மெதுவாக நடந்து வருவார்கள். அதற்கு ஒரு பாட்டு வேண்டும். பெரும்பாலும் ஏதாவது சினிமாப் பாட்டாக இருக்கும். தம்பி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"எவனோ எவளுக்கோ போட்ட பாட்டுல எம்பிள்ள நடக்கணுமா? நான் போடறேன்ணே."

இரண்டு நிமிடத்துக்கு ஒரு மெட்டு. பாட்டு வரிகள் கிடையாது, வாத்தியம் மட்டும். சாயங்காலங்களில் பின்னறையிலிருந்து துண்டு துண்டாகக் கேட்கும். நான் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த அறையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் சிங்கப்பூரில்தான் வேலை. குளுவாங்கிலிருந்து தினமும் போய்வர முடியாது, இரண்டு வருடம் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. மகளின் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே பலகைச் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அது சரிப்படாது. பின்னறை தனியாக, குளியலறையோடு இருந்தது. தம்பியை மகளின் அறைக்கு மாற்றியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் நாற்பது தாண்டிய ஆள் இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணன் வீட்டில் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. வெளியே ஒரு அறை பார்த்துக்கொள்ளும்படி தம்பியிடம் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் குடித்துக்கொண்டே, தோளில் கைவைத்துச் சொன்னேன். அவன் "சரிண்ணே" என்றான். வெகுநாள் எனக்கு இப்படித்தான் நினைவிருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவன் செத்துப்போனான். கிடங்கில் மதியச் சாப்பாடு முடித்து, ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். அவனுக்கு இருதயத்தில் கோளாறு இருந்தது அவனுக்கே தெரியாது. இருபது வருடம் தினமும் கடந்த பாலத்தை வேனில் படுத்தபடி கடந்து வந்தான். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, பந்தல் பிரிக்கும்போது, அவனுடைய குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, போன மாசம் எங்கிட்ட ரூம் இருக்கான்னு கேட்டாரு. எதுக்குன்னு கேட்டேன், சும்மாத்தான்னாரு. வீட்டுல ஏதும் சண்டையாண்ணே?"

"சண்டையெல்லாம் இல்ல" என்றேன். அது பொய்யில்லை. அவனோடு யாராலும் சண்டை போட முடியாது.

வருடம் திரும்பட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். பின்னறையை யாரும் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, மழையில் கூரை ஒழுகுகிறதா பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் திறந்தேன். கூரை நன்றாகத்தான் இருந்தது. கீபோர்டின்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. சுவிட்சைப் போட்டேன். அதன் உள்ளே ஒரே ஒரு பதிவு இருந்தது. பொத்தானை அழுத்தினேன். வாத்தியம் தானாக வாசிக்கத் தொடங்கியது.

மகளுக்காகப் போட்ட மெட்டு அது. முழுதாக நான் கேட்டது அன்றுதான். முழுதாக என்றும் சொல்ல முடியாது. முடியப்போகிற இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து நாலைந்து முறை கேட்டேன். அந்த மெட்டில்தான் மகள் மேடைக்கு நடக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அவனுக்கு நான் செய்யக்கூடியதாக வேறு எதுவும் மிச்சமில்லை.

டிரம்ஸ்காரரிடம் சொன்னேன். புதிதாக வந்திருக்கும் கீபோர்டுக்காரர் வாசிப்பார், ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்: "எந்த ஸ்கேல்ணே? மேஜரா, மைனரா? எங்க போய் முடியுது?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எங்க முடியுதுன்னு தெரியாம எப்பிடிண்ணே வாசிக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். அப்படித்தான் பேட்டரிக் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பதிவு ஓடும்போது, கீபோர்டின் சின்னத் திரையில் எந்தக் கட்டை அமுங்குகிறது என்று காட்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சுரத்தையும் எழுத்தெழுத்தாகக் குறித்தேன். தொழிற்சாலையில் சோதனைத்தாள் எழுதும் அதே நோட்டில், அதே கட்டங்களில். சி, டி, இ என்று எல்லாம் வெள்ளைக் கட்டைகள். நாலே நாலு இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டை வந்தது. ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் இருப்பது. பாவம், கை தவறியிருக்கிறது என்று நினைத்தேன். கறுப்பே தொடாதவன், களைப்பில் விரல் பட்டிருக்கும். நாலு இடத்திலும் அடித்துவிட்டு, பக்கத்திலிருந்த ஜி-யை எழுதினேன். கடைசியாக நின்ற சுரமும் அந்த நாலில் ஒன்று. தம்பியின் பிழை சபையில் தெரியாமல் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

டீச்சர் தமிழ்ப்பெண். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர். என்னை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார், ஆனால் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் ஒன்பது வயதுக்காரியைத் திட்டுவதைப்போலவே என்னையும் திட்டினார். இரண்டு மாதம் கோடும் புள்ளியுமாகப் போனது. பிறகு ஒருநாள் மேஜர் மைனர் பாடம் வந்தது.

சி-யிலிருந்து சி வரைக்கும் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இது மேஜர்" என்றார். பிறகு அதே வெள்ளைக் கட்டைகளை ஏ-யிலிருந்து ஏ வரைக்கும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இது மைனர்" என்றார்.

"அதே கட்டைதானே டீச்சர்?"

"அதேதான். ஒரு கட்டகூட மாறல. வீடுதான் மாறுது."

"வீடுன்னா?"

"பாட்டு எங்கெங்கயோ சுத்திட்டு, கடைசில எங்க வந்து ஒக்காந்தா நிம்மதியா இருக்கோ, அதுதான் வீடு. மேஜருக்கு சி வீடு. மைனருக்கு ஏ வீடு."

வலது கையால் நாலு சுரத்தை வாசித்துக் காட்டினார். இடது கையில் முதலில் சி-யை வீடாக வைத்தார், பிறகு ஏ-யை. வலது கை அணுவளவும் மாறவில்லை. ஆனால் இரண்டாவது முறை, மழைக்கு முன்னால் முற்றத்தில் வெளிச்சம் குறைவதைப்போல அறையே மாறிவிட்டது. எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அதை மறைக்க, வழக்கம்போல வாதம் செய்தேன்.

"எங்க தம்பி போட்டது கல்யாணப் பாட்டு டீச்சர். மைனரா இருக்காது. மைனர்னா சோகம்தானே?"

"அப்பிடியெல்லாம் சட்டம் இல்ல அங்கிள். ஆட்டம் போட வைக்கிற மைனர் எத்தனையோ இருக்கு. அழ வைக்கிற மேஜரும் இருக்கு. வீடு எதுன்னுதான் பாக்கணும்." என் நோட்டை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எழுதினதுல எல்லாமே வெள்ள. இத வெச்சு மேஜரா மைனரான்னு சொல்ல முடியல. ரெண்டும் சரியா வருது. இதுல ஏதாச்சும் விட்டுட்டீங்களா?"

"இல்ல" என்றேன். விட்டதாக நான் நினைக்கவில்லை, திருத்தியதாகவே நினைத்தேன். பதிவைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். கீபோர்டு கனம், நான் கவனமாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். இருபத்தாறு வருடமாக என் சோதனைத்தாளை யாரும் மறுபடி சோதித்ததில்லை.

எங்கே முடிப்பது என்று என்னிடமே விட்டார். கடைசியில் ஜி நின்றுகொண்டிருந்தது. ஜி-க்குப் பிறகு சி-யை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது, மூடி புட்டியில் உட்காருவதைப்போல. மேஜர் என்று நோட்டின் தலையில் எழுதி, கீழே கோடு போட்டேன். ஏழு மாதப் பயிற்சிக்குப் பிறகு, தட்டுத்தடுமாறி ஒரே கையால் அதை முழுதாக வாசிக்கவும் வந்துவிட்டது.

ஒரு மாலை, மகளைப் பின்னறைக்குக் கூப்பிட்டேன். அவளுடைய பாட்டு, அவள் முதலில் கேட்க வேண்டும் என்று ஆசை. வாசித்து முடித்துத் திரும்பினேன். அவள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி?"

"நல்லா இருக்குப்பா." கீபோர்டைப் பார்த்தாள். "ஆனா இது சித்தப்பா வாசிச்சது இல்ல."

"அவன் வாசிச்சதுதான். ஒவ்வொண்ணா பாத்து எழுதினேன்."

"இல்லப்பா. அதக் கேட்டா எனக்கு இங்க என்னமோ பண்ணும்." நெஞ்சில் கைவைத்தாள். "இதுல ஒண்ணும் பண்ணல."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். கீபோர்டில் பதிவு செய்த அதே நேரத்தில், தம்பி கைப்பேசியையும் பக்கத்தில் வைத்து ஒரு பதிவு எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறான். ‘இன்னும் முடியல, எப்படி இருக்கு பாரு’ என்று. ஒரு வருடமாக அவளிடம் அது இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது.

"ஏன் இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?"

அவள் கைப்பேசியை எடுத்துப் போட்டுக் காட்டினாள். மின்விசிறியின் இரைச்சலுக்கு நடுவே அவனுடைய விரல்கள் கட்டையில் படும் சத்தம் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை. அவளுடைய கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. முடிவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டாள்.

"இவ்ளோதான்பா."

டீச்சருக்குப் போட்டுக் காட்ட வேண்டும், எனக்கு அனுப்பு என்றேன். அவள் சமையலறையில் நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மகள் அனுப்பினாள்.

வீட்டில் அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்து, வகுப்பில் டீச்சரின் ஒலிபெருக்கியில் இணைத்தேன். அரை நிமிடம் போவதற்குள் டீச்சர் நிறுத்தினார்.

"அங்கிள், இது ஜி ஷார்ப், ஜி-க்கு அடுத்த கறுப்புக் கட்ட. உங்க நோட்டுல ஜி இருக்கு."

"அது கை தவறினது டீச்சர். நான்தான் திருத்தினேன்."

அவர் ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். மூன்றாவது முறை என்னைப் பார்த்தார்.

"ஒரே எடத்துல, ஒரே மாதிரி, இத்தன தடவ கை தவறாது அங்கிள்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இது எனக்குத் தெரியாத விஷயமா? நூறு மூடியில் ஒன்று கோணலாக இருந்தால் அது குறை. எல்லா மூடியிலும் அதே இடத்தில் அதே கோணல் இருந்தால், அது குறை இல்லை. அச்சே அப்படி வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான். தம்பி விஷயத்தில் அதைக்கூடப் பார்க்காமல் சிவப்புக் கூடையில் போட்டிருக்கிறேன்.

டீச்சர் பியானோவில் ஜி-யை அழுத்தினார். "இங்கேருந்து ஏ-க்குப் போறதுக்கு நடுவுல ஒரு கட்ட இருக்கு பாருங்க. அதனால ஜி நின்னா, வீட்டுக்குப் போகணும்னு அவ்வளவா தோணாது. எங்க வேணா போகும், சி-க்குக்கூடப் போயிடும். மைனர்ல என்ன செய்வாங்கன்னா, அந்த ஜி-ய அரைப் படி ஒசத்திடுவாங்க." ஜி ஷார்ப்பை அழுத்தினார். "இப்பப் பாருங்க. நேரா வாசப்படியில வந்து நிக்குது. அடுத்த அடி வீட்டுக்குள்ளதான். இதக் கேட்டுட்டு யாராலயும் அங்கயே நிறுத்த முடியாது. ஒங்க தம்பி படிக்காமலே இதப் புடிச்சிருக்காரு."

வாசப்படி என்று அவர் சொன்னது எனக்கு என்னவோ செய்தது. மீதியைப் போடுங்கள் என்றேன்.

மெட்டு முடிவை நோக்கிப் போனது. பின்னணியில் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. நாலாவது ஜி ஷார்ப் வந்தது. அதை அவன் நீட்டிப் பிடித்தான். மகள் கைப்பேசியில் நிறுத்திய இடம் அதுதான். இப்போது யாரும் நிறுத்தவில்லை. அந்தச் சுரத்தின்மேல் ஒரு குரல் கேட்டது. கூடத்திலிருந்து, தொலைக்காட்சிச் சத்தத்தை மீறி, உரக்க.

"டேய், ரூம் பாத்தியா இல்லியா? எத்தன தடவ சொல்றது ஒனக்கு? மொதல்ல அந்த வேலயப் பாரு, அப்பறமா தட்டலாம்."

அது என் குரல்.

சுரம் இன்னும் அமுங்கியே இருந்தது. பிறகு, பதிவுக்கு வெகு அருகில், மெதுவாக அவன் சொன்னான்.

"பாக்கிறேன்ணே."

விரல் எடுபட்டது. நாற்காலி நகர்ந்தது. அத்தோடு பதிவு முடிந்தது.

டீச்சர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தேவையில்லாமல் புத்தகங்களை அடுக்கினார். கதவுக்கு வெளியே அடுத்த மாணவி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தேநீர் குடித்துக்கொண்டே, தோளில் கைவைத்து, பக்குவமாகச் சொன்னதாக நான் ஒரு வருடம் நம்பிய ஞாயிற்றுக்கிழமையைத் தேடினேன். ஒருவேளை அப்படியும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை என்று நானே கேட்கிறேனே, மற்ற தடவைகள் எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"அடுத்த சுரம் என்ன டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஏ."

"வேற எங்கயாச்சும் போலாமா?"

"போலாம் அங்கிள். ஆனா அது வீடு இல்ல."

கீழே வந்து காரில் உட்கார்ந்து, பேட்டரிக் கடைக்காரர்கள் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல் அழுதேன். அவன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று ஆயிரம் வேலை இருந்தது. வீட்டுக்குப் போனபோது மனைவி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "நீங்க கேக்காம இருந்தா நல்லதுன்னு ரெண்டு பேரும் நெனச்சோம்" என்றாள். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிற ஆளிடமிருந்து, இந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒரு வருடமாக ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள். என்மேல் பிரியத்தால்தான்.

நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்தேன். நாலு ஜி-யையும் ஜி ஷார்ப்பாக எழுதினேன். தலையில் ஏ மைனர் என்று எழுதினேன். கடைசியில் ஏ. கல்யாணப் பாட்டு என்பதால், மெட்டை மைனரிலேயே கொண்டுபோய், முடிக்கும் ஒரு இடத்தை மட்டும் மேஜராக மாற்றிப் பிரகாசமாக்கலாம், அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று டீச்சர் சொன்னார். வாசித்தும் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். அவன் பாட்டை நான் திருத்தியதெல்லாம் போதும்.

வருடம் திரும்பி, குளுவாங்கில் ஒரு மண்டபத்தில் டின்னர் நடந்தது. விளக்குகளைக் குறைத்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் வாசலில் நின்றார்கள். புதுக் கீபோர்டுக்காரர் நான் எழுதிய தாளைப் பார்த்து வாசித்தார். முதல் ஜி ஷார்ப் வந்ததும் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒவ்வொன்றையும் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாலாவது வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். யாரும் குரல் கொடுக்கவில்லை. ஏ வந்தது. மகள் மேடையில் ஏறியிருந்தாள்.

சாப்பிடும்போது சம்பந்தியின் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாட்டு நல்லா இருந்துச்சு லா. ஆனா கொஞ்சம் சோகமா இருந்த மாதிரி இல்ல?" என்றார். வேறு நேரமாக இருந்தால் மைனருக்கும் சோகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து நிமிடம் விளக்கியிருப்பேன். "என் தம்பி போட்டது" என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பின்னறையைச் சுத்தம் செய்து, புது மெத்தை போட்டு, மகளிடம் காட்டினேன். அவள் உள்ளே வரவில்லை. "அது சித்தப்பா ரூம்பா. நாங்க என் ரூம்லயே இருந்துக்கறோம்" என்றாள். மாப்பிள்ளை தலையாட்டினார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆக, அந்த அறை யாருக்கும் தேவைப்படவே இல்லை.

மறுநாள் காலை அவர்கள் கோயிலுக்குப் போன பிறகு, நான் அங்கே போய் உட்கார்ந்தேன். துண்டை எடுத்து மடித்து வைத்தேன். ஒரே கையால், மெதுவாக, முதலிலிருந்து வாசித்தேன். கடைசி ஜி ஷார்ப் வந்தபோது விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தேன். அவன் எவ்வளவு நேரம் பிடித்தானோ அவ்வளவு நேரம்.

"ரூமெல்லாம் பாக்க வேணாம்டா" என்று சொல்லிவிட்டு, ஏ-யை அழுத்தினேன்.